நிறமூர்த்தத்தை எண்ணினால் போதாது, அளக்கவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த நிறமூர்த்த (குரோமோசோம், கலத்துக்குள் பரம்பரைப் பொருளைச் சுமக்கும் இழை) அட்டவணையைப் பார்த்தோம். மனிதன் 46, மாடு 60, நெல் 24, வெங்காயம் 16. எண்களில் பிழையில்லை. அதன் கீழே “எண்ணைக் கொண்டு இனத்தை அறியலாம்” என்று ஒரு வரி இருக்கிறதே, பிழை அதில்தான். மாட்டுக்கும் 60, வெள்ளாட்டுக்கும் 60. வெங்காயத்துக்கும் 16, உள்ளிக்கும் 16. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதை எதிலிருந்து பிரிப்பது?

திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் புள்ளிமானுக்கு 66. அதே மான் குடும்பத்தைச் சேர்ந்த இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. சீனக் கேளையாட்டுக்கோ 46. கேளையாட்டின் பரம்பரைப் பொருள் பத்தில் ஒன்றாகத் தேய்ந்துபோகவில்லை. சிறிய நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சில நீண்ட நிறமூர்த்தங்களாகிவிட்டன, அவ்வளவுதான். வெள்ளாட்டையும் செம்மறியையும் அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். வெள்ளாட்டின் 29 சோடி தன்மூர்த்தங்களிலும் (பால் நிறமூர்த்தங்கள் தவிர்ந்தவை) மையப்பாத்து, அதாவது நிறமூர்த்தத்தின் ஒடுங்கிய இடம், ஓர் அந்தத்தில் இருக்கும். செம்மறியில் மூன்று இடங்களில் இரண்டிரண்டாக ஒட்டியதால் 26 சோடி. அவற்றுள் மூன்று சோடி மட்டும் பெரிதாக, நடுவில் மையப்பாத்தோடு, X வடிவில் தெரியும். 60 எப்படி 54 ஆனது என்பதை எண் சொல்லாது, அந்த மூன்று சோடிகளின் வடிவம் சொல்லும்.

கிண்ணியா, மூதூர், கந்தளாய் பக்கத்தில் எருமை வளர்ப்போருக்கும் இதில் அலுவல் உண்டு. ஆற்றெருமைக்கு 50, சேற்றெருமைக்கு 48. ஆற்றெருமையின் 4ஆம், 9ஆம் நிறமூர்த்தங்கள் முனையோடு முனை இணைந்ததே சேற்றெருமையின் மிகப் பெரிய முதலாம் நிறமூர்த்தம். இரண்டையும் கலந்தால் கன்றுக்கு 49. கன்று வளரும், ஈனவும் செய்யும். ஆனால் விந்தும் முட்டையும் உண்டாகும் ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்கள் இணைசேர்வது சிக்கலாவதால் இனப்பெருக்கத்திறன் குறையலாம். நமது நாட்டெருமை சேற்றில் புரள்வதைப் பார்த்து அதைச் சேற்றெருமை என்று எழுதுபவர்கள் உண்டு. அதன் நிறமூர்த்தம் 50. ஆகவே முர்ரா என்ற ஆற்றெருமை இனக் கிடாவோடு சேர்த்தாலும் கன்று 50 தான், அந்தச் சிக்கல் வராது.

மாட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. திமிலுள்ள நாட்டுமாட்டுக்கும் பிரீசியன், ஜேர்சி போன்ற ஐரோப்பிய மாட்டுக்கும் ஒரே 60. வேறுபடுவது Y நிறமூர்த்தத்தின் வடிவம். ஐரோப்பிய மாட்டின் Y இல் மையப்பாத்தின் இருபக்கமும் உள்ள இரண்டு கரங்களும் தெரியும், நாட்டுமாட்டின் Y இல் மையப்பாத்து அந்தத்தில் இருக்கும். Y தகப்பனிடமிருந்தே வருவதால் ஒரு காளையின் தகப்பன்வழி எது என்று இதிலிருந்து சொல்லலாம். ஆனால் சாதாரண கீம்சா சாயத்தில் நாட்டுமாட்டின் Y, சிறிய தன்மூர்த்தங்களோடு கலந்து மறைந்துவிடும். நிறமூர்த்தத்தின் குறுக்குப் பட்டைகளைக் காட்டும் பட்டைச் சாயமிடாமல் முடிவு சொல்லக் கூடாது.

நிறமூர்த்தத்தைப் பார்க்க, விலங்குகளுக்கு இரத்தம் எடுத்து 37 பாகை செல்சியசில் மூன்று நாள் கலவளர்ப்புச் செய்ய வேண்டும். பாடசாலைக்கு அது தோதுப்படாது. வெங்காயம் தோதுப்படும். அதன் நிறமூர்த்தங்கள் பெரியவை, நுணுக்குக்காட்டியின் 40 மடங்குப் பொருள்வில்லையிலேயே தெரியும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் போதும். புதிதாகப் பிடுங்கியது உறங்குநிலையில் இருக்கும், வேர்விடாது. சில வாரம் கட்டித் தொங்கவிட்டதை எடுங்கள்.

காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, யாம் போத்தல் வாயில் அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி வையுங்கள். நமது வெக்கையில் தண்ணீரை நாளுக்கு இருமுறை மாற்றாவிட்டால் ஒட்சிசன் குறைந்து வேர்நுனி பழுப்பாகும். பழுத்த நுனியில் கலப்பிரிவே இராது. வேர் 1 முதல் 2 சென்ரிமீற்றர் வந்ததும், காலை வேளையில், 0.05 வீதக் கொல்கிசினில் 3 மணி நேரம் விடுங்கள். 100 மி.லீ. தண்ணீருக்கு 50 மில்லிகிராம். இது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்நார்களைக் கலைப்பதால் கலங்கள் அனுவவத்தையிலேயே (நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசைப்படும் கட்டம்) நின்றுவிடும், நிறமூர்த்தங்களும் குறுகிப் பிரிந்து நிற்கும். கார்த்திகைக் கிழங்கில் உள்ள அதே நஞ்சு இது, கையுறை இல்லாமல் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கொல்கிசின் கிடைக்காவிட்டால் பிளாஸ்க்கில் ஐஸ்கட்டித் தண்ணீர் விட்டு, வேரை 24 மணி நேரம் அதில் வைத்தாலும் சரி. கொல்கிசினில் நேரம் கூடினால் நிறமூர்த்தங்கள் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். எண்ணலாம், மையப்பாத்தைத் தேட முடியாது. அளவும் வடிவமும் பார்க்க வந்தவருக்கு அது வீண் வேலை.

அடுத்து எதனோல் 3 பங்கு, அசற்றிக்கமிலம் 1 பங்கு கலந்த கரைசலில் ஒருநாள். அன்றன்று கலக்க வேண்டும். பழசானால் இரண்டும் தாக்கமுற்று எசுத்தராகும். திறந்ததும் நகப்பூச்சு மணம் வந்தால் ஊற்றிவிடுங்கள். உடனே பார்க்க முடியாதென்றால் வேரை 70 வீத எதனோலுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

பெரும்பாலான ஆய்வுகூடங்களில் வேலை கெடுவது அடுத்த படியில். வேரை 1N ஐதரோக்குளோரிக்கமிலத்தில் 60 பாகையில் 8 நிமிடம் வைக்க வேண்டும். செறிந்த அமிலம் 8.3 மி.லீ. எடுத்து 100 மி.லீ. ஆக்குங்கள். அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் விட வேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் அல்ல. கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரினை இந்த அமிலம் கரைக்கும். நேரம் குறைந்தால் கலங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும், கூடினால் நுனி கூழாகிச் சாயமும் ஏறாது. வெப்பமானி இல்லாமல் ‘கைச்சூடு’ பார்த்துச் செய்வது சரிவராது.

பிறகு கழுவி, 2 வீத அசற்றோ ஓர்சீனில் அரைமணி நேரம். சாயத்தை ஒவ்வொரு முறையும் வடித்தே பாவியுங்கள். அடிமண்டித் துகள்களை நிறமூர்த்தம் என்று கீறிய படங்கள் நிறைய உண்டு. நுனி 2 மில்லிமீற்றரை மட்டும் பிளேட்டால் வெட்டி, ஒரு துளி 45 வீத அசற்றிக்கமிலத்தில் வைத்து, மூடித்துண்டு போட்டு, பென்சிலின் அழிறப்பர்ப் பக்கத்தால் மெதுவாகத் தட்டுங்கள். கலங்கள் மேகம்போலப் பரந்ததும் வடிதாளை மடித்து வைத்து, பெருவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். மூடித்துண்டு ஒரு நூலளவு வழுக்கினாலும் கலங்கள் உருண்டுவிடும்.

எண்ணும்போது 15 வரலாம், 17 வரலாம். கலம் வெடித்து ஒன்று வெளியே போயிருக்கும், பக்கத்துக் கலத்தினது உள்ளே வந்திருக்கும். குறைந்தது 10 நல்ல கலங்களாவது பாருங்கள். வெங்காயத்தில் ஒரு சோடிக்குக் குறுங்கரத்தின் நுனியில் மெல்லிய இழையால் தொங்கும் சிறுதுண்டு ஒன்று உண்டு. இழை கண்ணில் படாது, துண்டு மட்டும் தனியாகத் தெரியும். அதையும் சேர்த்து 18 என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்தத் துண்டுதான் அந்தச் சோடியின் அங்க அடையாளம்.

படத்தில் ஒவ்வொன்றினதும் நெடுங்கரத்தையும் குறுங்கரத்தையும் அளந்து, நெடியதைக் குறியதால் வகுங்கள். நிறமூர்த்த ஆய்வாளர் லெவானும் உடனாய்வாளர்களும் 1964இல் வகுத்த எல்லைகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன: 1.7 வரை மெற்றாசென்றிக் (மையப்பாத்து நடுவில்), 3 வரை சப்மெற்றாசென்றிக் (நடுவிலிருந்து சற்று விலகி), 7 வரை சப்ரீலோசென்றிக் (அந்தத்தை நெருங்கி), அதற்கு மேல் அக்ரோசென்றிக் (அந்தத்தில்). நெடுங்கரம் 4.2, குறுங்கரம் 2.1 மைக்ரோமீற்றர் என்றால் விகிதம் 2, ஆகவே சப்மெற்றாசென்றிக். (மனிதனுக்கு 48 என்று முப்பது ஆண்டுக்கு மேலாக நம்பப்பட்டதை 1956இல் 46 என்று திருத்திய இருவரில் ஒருவரும் இதே லெவான்தான். மற்றவர் ஜோ ஹின் சியோ.) விகிதம் 1.7ஐத் தொட்டு நிற்கும்போது ஒரு கலத்தை நம்பாதீர்கள், பல கலங்களின் சராசரியைப் போடுங்கள்.

நீளத்தை நேராக ஒப்பிடுவதும் தவறு. கொல்கிசினில் அதிகம் நின்ற கலத்தில் எல்லாமே குறுகியிருக்கும். ஒவ்வொன்றின் நீளத்தையும் மொத்த நீளத்தின் வீதமாக மாற்றிய பிறகே இரண்டு செடிகளை ஒப்பிடலாம். வெங்காயம் முடிந்தால் வீட்டுக் கற்றாழையைப் பாருங்கள். 14இல் எட்டு நெடியவை, ஆறு மிகக் குட்டை. அளவுகோல் இல்லாமலே கண்ணுக்குப் பிடிபடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அட்டவணையோடு ஒரு நிறமூர்த்தப் படமும் போடுங்கள். படத்தின் கீழ் ‘1000 மடங்கு’ என்று மட்டும் அச்சிட வேண்டாம். பத்தியின் அகலத்துக்கு ஏற்பப் படத்தைச் சுருக்கியதுமே அந்த எண் பொய்யாகிவிடும். படத்தின் மூலையில் 10 மைக்ரோமீற்றர் அளவுக்கோடு ஒன்று இருந்தால் படத்தோடு அதுவும் சுருங்கும், பிள்ளைகள் அடிமட்டத்தை வைத்துப் பத்திரிகையிலேயே அளப்பார்கள்.

இங்ஙனம்,
உயர்தர உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.