ஏறவும் இறங்கவும் இடம் வேண்டும்

திருகோணமலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் ரொறன்ரோத் தீவுகளின் பழைய படங்களும் கிடைத்தன. 2017 ஆம் ஆண்டு வெள்ளத்தைக் காட்டி, "அணை இருக்கிறது, கதவு இருக்கிறது, நேரத்துக்குத் திறந்திருந்தால் இந்த அழிவு ஏன் வருகிறது?" என்று கேட்டிருக்கிறாய். ஒன்டாரியோ ஏரியின் மட்டத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்கவேண்டும் என்று உன் அயலவர்கள் எழுதிய மனுவில் நீயும் கையொப்பமிடப் போவதாகச் சொல்கிறாய். நீர்ப்பாசன வேலையில் தலை நரைத்தவன் என்பதால் என் அபிப்பிராயம் கேட்டாய். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் பழையபடிதான். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்டாரியோ ஏரியின் கதவு என்று நீ சொல்வது, கோர்ண்வோல் நகருக்கு அருகே சென் லோறன்ஸ் ஆற்றின் குறுக்கே நிற்கும் மோசஸ்-சோண்டர்ஸ் அணை. ஏரிக்கு வரும் நீரின் பெரும்பகுதி ஈரி ஏரியிலிருந்து நயாகரா வழியாக வருவது. அதை மறிக்க எவராலும் இயலாது, வெளியே விடும் அளவைத்தான் கூட்டிக் குறைக்கலாம். ஏரியின் பரப்போ ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர். அதை ஒரு கிழமைக்குள் ஒரேயொரு சென்ரிமீற்றர் இறக்குவதென்றால், ஏற்கெனவே விடுவதற்கு மேலாகச் செக்கனுக்கு முந்நூறு கன மீற்றருக்கும் அதிகமாக விடவேண்டும். கணக்கில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். பென்சிலை எடுத்துப் போட்டுப் பார். அப்படி விடும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் மொன்றியல். 2017 இல் நீ படம் எடுத்த அதே நாட்களில் அங்கே ஒட்டாவா ஆறும் பெருக்கெடுத்து வந்து கலந்துகொண்டிருந்தது. உன் பூங்காவில் முழங்காலளவு நின்ற தண்ணீரை வடிக்கப்போய் இன்னொருவனுடைய வீட்டு விறாந்தையில் ஏற்றுவதா என்பதுதான் கதவைத் திறப்பவன் முன்னால் இருந்த கேள்வி. 2019 இல் மட்டம் அதையும் மிஞ்சிப் போயிற்று, கேள்வி மாறவில்லை.

நமது கந்தளாய்க் குளம் உன் ஏரியின் முன்னே சிறு குட்டைதான். நிறைந்தால் ஏறத்தாழ 135 மில்லியன் கன மீற்றர் கொள்ளும். குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியது என்று கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல் சொல்கிறது. மகாவம்சம் இரண்டாம் அக்கபோதியின் பெயரைச் சொல்கிறது. அந்த வழக்கை நீயும் நானும் பள்ளிக்கூட நாட்களிலேயே தீர்க்கமுடியாமல் விட்டோம். இன்று குளத்துக்குத் தன் நீரேந்து பரப்பில் பெய்யும் மழையோடு, மின்னேரியாப் பக்கமிருந்து பெரிய கால்வாய் வழியாக மகாவலித் தண்ணீரும் வருகிறது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் உள்ள வயல்கள் அதையே நம்பியிருக்கின்றன. நமது திருகோணமலைப் பட்டினத்தின் குழாய்த் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது.

இத்தனை பேருக்கும் பொதுவான குளத்தில் யாருக்கு எந்த மட்டம் பிடிக்கும் என்று பார். ஐப்பசி மழை தொடங்கும்போது குளத்தில் வெற்றிடம் இருக்கவேண்டும் என்பான் குளக்கட்டுக்குக் காவல் நிற்பவன். வயற்காரன் அப்படிச் சொல்லமாட்டான். மழை பொய்த்தால் கோடையில் விதைக்கும் சிறுபோகம் போய்விடும் என்ற பயத்தில், ஒரு சொட்டையும் கடலுக்கு விடாதே என்பான். அவன் பயத்தை நான் ஒருநாளும் ஏளனம் செய்ததில்லை. குளத்தில் பாதித் தண்ணீர்தான் உண்டென்றால் பாதிக் காணியை மட்டும் விதைத்து எல்லோருமாகப் பகிர்ந்துகொள்ளத் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் இருந்து பார்த்தவனுக்குத்தான் அந்த முகங்கள் தெரியும். மார்கழியில் வான்கதவு திறந்ததும் "தண்ணீரை வீணாக்குகிறார்கள்" என்று கத்துபவனும், திறக்காமல் விட்டுத் தன் பயிர் மூழ்கினால் "முன்னமே திறந்திருக்கக் கூடாதா" என்று கேட்பவனும் பெரும்பாலும் ஒரே ஆள். உனக்கும் அது பொருந்துகிறது என்று சொன்னால் கோபிக்காதே.

மட்டத்தை அளப்பதே இலேசான வேலையல்ல. துருசடியில், அதாவது வயலுக்கு நீர் விடும் மதகடியில், நீருக்குள் நட்டிருக்கும் அளவுச்சட்டத்தை விடியற்காலையில் வாசிக்கவேண்டும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் குளத்து நீர் முழுவதும் கட்டுப் பக்கம் ஒதுங்கி அலையடிக்கும். சட்டத்தில் எண் ஏறியும் இறங்கியும் காட்டும். வாசிக்கிறவன் இரண்டுக்கும் நடுவில் ஒன்றை மனத்தால் பிடித்துக் கொப்பியில் எழுதுவான். அந்த அலைகளே கட்டின் உட்சரிவில் அடுக்கிய கற்களையும் மெல்ல மெல்லக் கிளப்பும்.

இதை ஏன் சொல்கிறேனென்றால், மண்கட்டுக்கு நிறைநீர் எப்போதும் ஒரு சுமை. நீண்ட நாள் மேல்மட்டத்தில் நின்றால் ஊறிக் கசிவு வெளிப்பக்கம் தேடும். அதற்காக ஒரேயடியாக இறக்கினாலும் ஆபத்து. ஊறிய உட்சரிவு, தாங்கி நின்ற தண்ணீர் விலகியதும் சரிந்து விழக்கூடும். 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அதிகாலையில், சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமைகூட ஆகாத நிலையில், கந்தளாய்க் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை நீ மறந்திருக்கமாட்டாய். பெருமழை பெய்யும் மாதமல்ல அது. நிறைந்து அமைதியாகக் கிடக்கும் குளம்தான் பாதுகாப்பான குளம் என்ற எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று.

உன் மனுவில் நான் உடன்படாத இடம் இனித்தான் வருகிறது. அணையில் எவ்வளவு நீர் விடுவது என்று தீர்மானிக்கும், 2017 தை மாதம் நடைமுறைக்கு வந்த 'திட்டம் 2014' தான் குற்றவாளி என்று உன் அயலவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆண்டும் 2019 இலும் பெய்த மழையையும் மேலேயிருந்து வந்த நீரையும் எந்தத் திட்டமும் அடக்கியிருக்காது. அணை கட்டிய காலத்துப் பழைய ஒழுங்கு, ஏரியின் ஏற்ற இறக்கத்தைக் குறுக்கி வைத்திருந்தது. அதனால் கரையோரச் சதுப்புகளில் சம்புப் புல் மண்டி, வேறு புற்களும் பறவைகளும் மீன்குஞ்சுகளும் இடமின்றிப் போயின. இயற்கையாக ஏறி இறங்கும் போக்கைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கத்தான் புதிய திட்டம் வந்தது.

இதே கதை மின்னேரியாவிலும் நடந்தது. ஆடி ஆவணியில் அங்கே நீர் வற்றி, குளத்தின் படுகையில் பசும்புல் முளைக்க, நூற்றுக்கணக்கான யானைகள் கூடும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தபின் வரட்சி மாதங்களிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வரத் தொடங்க, புல்வெளி மூழ்கி யானைகளுக்குத் தீனி குறைந்தது. வயலுக்கு நல்லது, யானைக்குக் கேடு. பசித்த யானை எங்கே வருமென்று வயற்காரனுக்குத் தெரியும். மனிதனின் வசதிக்காக ஒரு குளத்தின் வற்றுங் காலத்தை எடுத்துவிடும்போது, எடுத்தது எதை என்று பிறகுதான் தெரிகிறது.

எனவே கையொப்பம் வைக்காதே என்று நான் சொல்லவில்லை. வைப்பதற்குமுன் அந்த வாசகத்தை மாற்றச் சொல். நிலையான மட்டம் கேட்பதை விட்டு, மட்டம் உயரப்போகிறது என்று எத்தனை நாள் முன்னதாக அறிவிப்பார்கள், தாழ்ந்த கரையில் இனியும் வீடு கட்ட அனுமதிப்பார்களா, கீழே மொன்றியலில் இருப்பவர்களும் உங்களோடு ஒரே மேசையில் உட்காருவார்களா என்று கேளுங்கள். அடுத்த கடிதத்தில் உங்கள் ஏரியின் வாராந்த வெளியேற்றக் கணக்கு கிடைத்தால் அனுப்பு. நான் என் பழைய கொப்பிகளைத் தேடி எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்