பெட் மேட்ச் பாக்கியும் மாவுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக மாநில அரசின் சட்டம் 2023-இல் அமலுக்கு வந்தது. 2025-இல் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. சரி, நல்லது. ஆனால் எங்கள் காட்பாடிப் பக்கம் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் அடித்துக்கொள்வதற்குச் செயலியே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காசு கட்டி ஆடும் கிரிக்கெட் 'பெட் மேட்ச்', ஐபிஎல் வந்தால் ஓவருக்கு ஓவர் பந்தயம், எல்லாம் கூட்டாளிகளுக்குள்ளேதான்.

நான் ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா. சத்துவாச்சாரி கோர்ட்டில் அடிதடிக் கேஸ் கட்டுகளைச் சுமந்தே காலம் போனது. பார்த்தவரை, தோற்ற ஆத்திரத்தில் கை ஓங்குகிறவன் குறைவு. காசில்லாதவன் 'நாளைக்குத் தர்றேன்டா' என்று கடன் சொல்லி ஆடுகிறானே, அங்கேதான் வினை. அவன் வீட்டில் வாய் திறக்க முடியாது. ஜெயித்தவனும் பெரியவர்களிடம் போய் முறையிட முடியாது. பந்தயப் பணத்துக்கு வழக்கே போட முடியாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு. அப்புறம் வசூலுக்கு மிச்சம் இருப்பது கைதான்.

போன கோடையில் எங்கள் தெருவில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவனிடம், அறுநூறு ரூபாய் பாக்கிக்காக செல்போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது அவன் அம்மாவின் போன், மகளிர் குழுக் கடனில் வாங்கியது. திருப்பிக் கேட்கப் போனவனை ஸ்டம்பால் அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் 'பைக்கிலிருந்து விழுந்துட்டான்' என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள். பந்தயம் என்ற பேச்சே எங்கும் பதிவாகவில்லை.

இதையெல்லாம் செல்போன் கெடுத்தது என்று மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நம்பருக்குப் பணம் கட்டும் காட்டன் சூதாட்டம் நம் மாவட்டத்துக்கு நேற்று வந்ததா? 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது. ஆனாலும் மூணு நம்பர் லாட்டரிச் சீட்டு கள்ளத்தனமாக இன்னும் ஓடுகிறது. அப்பாவுக்காக நம்பர் கட்டத் துண்டுச்சீட்டோடு போகிற பிள்ளைக்குப் பந்தயம் தப்பு என்று யார் சொல்லிப் புரியவைப்பது?

சிறுவர் தகராறு ஸ்டேஷனுக்கு வந்தாலும், கை முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று பையனைத் தனியாக அழைத்துக் கேட்கவேண்டும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரும் கேட்கலாம், அவருக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கேட்கும்போதே சூதாட்டக் கேஸ் போடுவேன் என்று மிரட்டினால் மட்டும் எவனும் வாய் திறக்கமாட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.