கதவுள்ள ஓர் அறை: சுகாதாரத் துறை உயர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில், பால்வினை நோய்களைப் பார்க்கிற சுகவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் மூன்று மனுக்களைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், எங்கள் அறையைக் காய்ச்சல் பிரிவுக்குக் கேட்டீர்கள். மறுக்கிற நேரமா அது? கொடுத்தோம். லேப் டெக்னீஷியனையும் சளி மாதிரி எடுக்க அனுப்பினோம். அவர் திரும்பி வந்துவிட்டார், அறை வரவில்லை. எக்ஸ்ரே பிரிவுக்குப் போகிற வழியில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும்தான் இன்றுவரை சுகவாழ்வு மையம். பழைய அறையில் முழுக்கவச உடைகளின் அட்டைப்பெட்டிகளும் காலாவதியான சானிடைசர் கேன்களும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்குக் கதவு உண்டு, பூட்டும் உண்டு.

கடந்த செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, பாதி வாக்கியம் சொல்லியிருப்பார். ஸ்ட்ரெச்சர் வந்தது. இருவரும் எழுந்து, நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்து வழிவிட்டோம். கூட வந்தவர்களில் ஒருவர் அவருடைய தெருக்காரர். "என்னக்கா, இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றார். "தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். மீதி வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியாது.

எங்களுக்குக் கதவுள்ள ஓர் அறை வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

ஊரடங்கு முடிந்த பிறகு நடந்த ஆய்வுக் கூட்டம் ஒன்றில், பால்வினை நோய் குறைந்துவிட்டது என்று எங்களைப் பாராட்டினார்கள். சோதனைக்கு ஆளே வராதபோது எண்ணிக்கை எப்படி ஏறும்? ஊர் அடங்கியது, உடம்பு அடங்கியதா? அமெரிக்காவிலும் 2020 தொடக்கத்தில் கணக்கு இப்படித்தான் இறங்கியது. ஆண்டு முடிந்து கூட்டிப் பார்த்தால், முந்தைய ஆண்டைவிட வெட்டை நோய் (கொனோரியா) 10 சதவீதமும், தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் சிஃபிலிஸ் ஏறக்குறைய 15 சதவீதமும் கூடியிருந்தன.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. ஊரடங்கில் பனியன் கம்பெனி மூடியதும் ஊர் திரும்பிய ஒருவருக்கு மறைவிடத்தில் புண். வலியில்லை. எங்கள் மருத்துவமனை அவருக்குப் பக்கம்தான், ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டும். அப்போது அதற்கு வேண்டியிருந்த இ-பாஸில் மருத்துவக் காரணம் என்று போட்டால் சான்று இணைக்க வேண்டும். எந்தச் சான்றை இணைப்பார்? செக்போஸ்டில் நிற்கிற காவலர் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் எதைக் காட்டுவார்? அவர் வரவில்லை. சில வாரங்களில் புண் தானாகவே ஆறிவிட்டது. சிஃபிலிஸ் புண் அப்படித்தான் ஆறும்; கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். "அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன் மேடம்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அவர் மனைவி கர்ப்பமானார். முதல் மூன்று மாதத்தில் பார்த்திருக்க வேண்டிய இரத்தப் பரிசோதனை எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில்தான் நடந்தது. அவருக்கும் சிஃபிலிஸ். தாய்க்கு ஊசி போட்டு நான்கு வாரம் ஆவதற்குள் பிரசவம். குழந்தைக்குப் பத்து நாள் பென்சிலின். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்தப் புறங்கையில் செவிலியர் நரம்பு தேடியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்பாவுக்கு ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வைத்தியம் அது.

எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, அந்தக் கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளைப் பல மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுக்க அப்போது வழி செய்தார்கள். அதனால் பலர் தப்பித்தார்கள். அதே கரிசனம் புண்ணோடும் வெள்ளைப்படுதலோடும் வருகிறவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? அந்த நாட்களில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மருந்துக் கடைகளில் கடலை மிட்டாய் மாதிரி விற்றார்கள். வெட்டை நோய்க்கு நாங்கள் கொடுக்கும் சாம்பல் நிறப் பொட்டலத்திலும் அதே மாத்திரை உண்டு. வெட்டை நோய்க் கிருமி மருந்துக்கு மசிய மறுக்கிறது என்று உலகமே கவலைப்படுகிறது. நாமோ அதற்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையக் கழிப்பறைச் சுவரில் 'ரகசிய நோய்' நோட்டீஸ் ஒட்டுகிற வைத்தியர் லாட்ஜில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த லாட்ஜ் அறைக்குக் கதவு இருக்கிறது. எங்களிடம் வர வேண்டியவர்கள் எங்கே போகிறார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுக் கட்டடம் கேட்கவில்லை, ஏ.சி. கேட்கவில்லை. அட்டைப்பெட்டிகளை நாங்களே தூக்கி வைக்கிறோம். கதவுள்ள எங்கள் பழைய அறையைத் திருப்பித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சாவி ஸ்டோர் பொறுப்பாளரிடம் இருக்கிறது. உங்கள் கையெழுத்தோடு இரண்டு வரி வந்தால் திறந்துவிடுவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஆலோசகர்