பழநி சாலையில் நடப்பவர்களும் ஓட்டுபவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்துக்குப் பழநி நோக்கி நடப்பவர்கள் மார்கழி முடியும் முன்பே சாலையில் தென்பட ஆரம்பித்துவிடுவார்கள். காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாக வருபவர்களும், மதுரையிலிருந்து வாடிப்பட்டி வழியாக வருபவர்களும் திண்டுக்கல்லுக்கு வந்து, அதற்குப் பிறகு ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று ஒரே சாலையைப் பிடிக்கிறார்கள். அந்தச் சாலையில் பல வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருக்காரர்களோடு மாலை போட்டு நானும் நடக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததால் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

இரவில் நடக்கும் ஒருவருக்கு, வருகிற வண்டியின் வெளிச்சம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். 'வண்டி நமக்குத் தெரிகிறது, அப்படியானால் நாமும் டிரைவருக்குத் தெரிவோம்' என்று அவர் நம்பி நடக்கிறார். பெரும்பாலான நேரம் அவர் தெரிவதே இல்லை. காவி வேட்டியும் கரும்பச்சைத் துண்டும் இருட்டில் இருட்டாகவே இருக்கும். எதிரே வருபவர் ஹை பீமைக் குறைக்காமல் வந்தால் இன்னும் மோசம். கண் கூசி, அந்த வண்டி கடந்து போன பிறகும் இரண்டு மூன்று விநாடிக்கு இடது ஓரம் முழுக்கக் கறுப்பாகத்தான் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டருக்குள் ஒரு குடும்பமே நடந்து போய்க்கொண்டிருக்கலாம். ஆளைப் பார்த்த பிறகும் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, அதற்குள் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் பிடித்து வண்டி நிற்க அதற்கு மேலும் தூரம் வேண்டும். லோடு ஏற்றிய லாரி என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஓட்டுநர்களுக்குத்தான் முதலில் சொல்வேன். இரண்டு பேருக்கும் பொறுப்பு உண்டு என்றால் பாதிக்குப் பாதி என்று அர்த்தமில்லை. மோதினால் சாகப்போவது நடப்பவர்தான், அதனால் பெரிய பங்கு வண்டி ஓட்டுபவருடையது. எதிர் வண்டியைப் பார்த்ததும் டிம் செய்யுங்கள். அவர் டிம் செய்யாவிட்டாலும் நீங்கள் செய்யுங்கள், கண் கூசினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். ஹாரன் அடித்துவிட்டோம், அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். மைக் செட்டில் முருகன் பாட்டு அலறும்போது நடப்பவர் காதில் ஹாரன் விழாது. கண்ணைக் கூசவைக்கும் எல்.இ.டி. விளக்குகளை வெளியில் வாங்கி மாட்டுவது இப்போது பெருகிவிட்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நடைபாதைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை, முகப்பு விளக்கின் வெளிச்சத்துக்கும் கோணத்துக்கும் வரம்பு வைக்கச் சொல்லியிருக்கிறது. உத்தரவு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே அந்த விளக்கைக் கழற்றிவிட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இதைப் படித்துவிட்டு, டிரைவர் மேல் தப்பா, நடந்தவர் மேல் தப்பா என்று டீக்கடையில் பேசிக் கலைந்துவிடுகிறோம். விபத்துக்கு முந்தைய நிமிடத்தில் யார் என்ன செய்திருக்கலாம் என்று பேசுவதில்லை.

நடப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நம் ஆட்கள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது ஓரமாகவே நடக்கிறார்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒருவர் பின் ஒருவராக நடப்பதுதான் நல்லது. வண்டி தடுமாறினால் ஒரு எட்டு விலகவாவது நேரம் கிடைக்கும். பெரிய குழு என்றால் முன்னால் போகிறவர் கையில் வெள்ளை விளக்கு, கடைசியில் வருகிறவர் கையில் சிவப்பு விளக்கு. போலீஸார் பையிலும் முதுகிலும் ஒட்டிவிடும் ஒளிரும் ஸ்டிக்கரை அழகு கெடுகிறது என்று கிழித்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஹெட்லைட் பட்டதும் அது மின்னுவது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்.

ஏன் தார் ரோட்டிலேயே நடக்கிறார்கள் என்று கார்க்காரர்கள் கோபப்படுகிறார்கள். வெறுங்காலோடு நடந்து பார்த்தால் அந்தக் கோபம் போய்விடும். ஓரத்து மண்ணில் சீமைக்கருவேல முள்ளும் ஜல்லியும் கிடக்கும். பகலில் தார் கொதிக்கும், அதனால்தான் பலர் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்கிறார்கள், அது கொஞ்சம் சூடு குறைவு. பாதயாத்திரைக்கென்று பேவர் கல் பதித்துப் பாதை போட்டது நல்ல காரியம். ஆனால் முள் மண்டினால், கல் பெயர்ந்தால், கடைச் சாமானும் வண்டியும் அதன் மேல் நின்றால், ஜனங்கள் மறுபடி தாருக்குத்தான் இறங்குவார்கள். மார்கழி முதல் வாரத்திலேயே முள்ளை வெட்டிப் பெருக்கிவிட வேண்டும். ராத்திரியில் அதில் நடக்க விளக்கும் வேண்டும்.

அன்னதானம் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தலைக் கூட்டம் நடந்து வரும் பக்கத்திலேயே, சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள். எதிர்ப்பக்கம் போட்டுவிட்டு மைக்கில் "வாங்க சாமி, வாங்க" என்று கூப்பிட்டால், பசியோடு வருபவர் இரண்டு பக்கமும் பார்க்காமல் குறுக்கே ஓடி வருகிறார். அவரை வரவேற்பது புண்ணியம்தான், அவர் சாலையைக் கடக்க வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வதும் அதில் சேர்ந்ததுதான். சாமான் ஏற்றி வரும் மினி லாரியைப் பின் விளக்கு இல்லாமல் தார் மேலேயே நிறுத்துவதும் ஆபத்து.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை எனக்குத் தனிப் பயம் உண்டு. டிரைவர் கண் சொக்கும், நடப்பவருக்கும் கால் தன்னால் போகும், தை மாதப் பனி வேறு. அந்த நேரத்தில் சத்திரத்திலோ கோயில் மண்டபத்திலோ படுத்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் என்ன? முருகன் காத்திருப்பார். ரோட்டோர மண்ணில் மட்டும் யாரும் படுக்க வேண்டாம்.

ஒவ்வொரு குழுவின் குருசாமியும் மாலை போடும் அன்றே இதையெல்லாம் சொல்லி, விளக்கு யார் பிடிப்பது என்று பெயர் குறித்துவிடலாம். லாரி ஷெட்டுகளிலும் பஸ் டிப்போக்களிலும் இதேபோல ஐந்து நிமிடம் பேசலாம். தைப்பூசம் முடிந்ததும் பங்குனி உத்திரத்துக்குக் கொங்குப் பக்கத்துக் காவடிகள் இதே மாதிரிச் சாலையில் நடக்கத் தொடங்கிவிடும். அதனால் இந்தக் கடிதத்தைக் கூட்டம் கிளம்புவதற்கு முன்பே வெளியிட்டு உதவக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம்.