அப்பாவுக்கு, டைம்டேபிள் வேலை பற்றி

ஷார்ஜா

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் இவரும் பாப்பாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலிக்குக் கோயம்புத்தூர் போய்க் காட்டினீர்களா? போனில் கேட்டால் அம்மா பரவாயில்லை என்றே சொல்கிறாள். நீங்கள்தான் உள்ளதை எழுத வேண்டும்.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. மே மாசக் கடைசியில் நீங்கள் கட்டம் போட்ட சார்ட்டை விரித்து, பென்சிலும் ரப்பருமாக உட்காருவீர்களே, அதே வேலைதான். இங்கே ஃபெட் என்ற மென்பொருளில் செய்கிறோம். ருமேனியாவைச் சேர்ந்த லிவியு லலெஸ்கு என்பவர் எழுதியது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டனைத் தட்டினால் வந்துவிடுமா என்று போனில் கேட்டீர்கள். வராது அப்பா. எந்த டீச்சர், எந்த வகுப்பு, எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று எல்லாவற்றையும் நாம்தான் ஏற்ற வேண்டும். அப்புறம் நிபந்தனைகள். ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். 100 என்று போட்டால் அதை மீறாது. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக பஸ்ஸில் வந்த சாருக்கு நீங்கள் முதல் பீரியட் போட மாட்டீர்கள். அது எங்கும் எழுதியிருக்காது, உங்கள் மனசில் இருக்கும். இங்கே அந்த மாதிரி விஷயங்களை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கத்தான் நாள் பிடித்தது. கைக்குழந்தை இருக்கிற டீச்சருக்குத் தொடர்ந்து 4 பீரியட் நிற்க முடியாது என்பதை யாராவது சொன்னால்தானே ஃபெட்டுக்குத் தெரியும்?

வைப்பதற்குக் கஷ்டமான வகுப்பை அது முதலில் வைக்கிறது. ஒன்றுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், ஏற்கெனவே வைத்ததைக் கிளப்பி வேறு இடம் தேடுகிறது. நீங்கள் அழித்து அழித்து எழுதியதும் இப்படித்தான்.

ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. உங்களுக்கு 5 நாள், 7 பீரியட், வாரத்துக்கு 35. எங்களுக்கு 4 நாள், 9 பீரியட், 36. ஜும்மாவுக்காக வெள்ளிக்கிழமை மத்தியான இடைவேளையை நீட்டும் வேலை இங்கே இல்லை. ஆனால் 9-வது பீரியடில் பிள்ளைகள் துவண்டு போகிறார்கள்.

உண்மையான சிக்கல் மொழிப் பாடத்தில். அரபி எல்லோருக்கும் உண்டு. அதற்கு டீச்சர்கள் போதும். இரண்டாம் மொழியாக இந்தி, மலையாளம், தமிழ் மூன்றில் ஒன்றைப் பிள்ளைகள் எடுக்கிறார்கள். ஆகவே ஒரு வகுப்பின் எல்லா டிவிஷனுக்கும் மூன்று மொழியும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தமிழுக்கு 5 முதல் 8 வரை ஒரே சார். அவர் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது ஏழாம் வகுப்பின் மலையாளமும் இந்தியும்கூட நடக்க முடியாது. எங்கே முட்டுகிறது என்று ஃபெட் பட்டியல் காட்டும். எப்போது பார்த்தாலும் அதில் தமிழ்தான்.

தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம்தானே, இரண்டு வகுப்பைச் சேர்த்துக் கடைசி பீரியடில் போட்டுவிடலாம் என்று மீட்டிங்கில் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேரளத்தில், நம் கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனுக்கு மிச்சம் மீதி நேரம் ஒதுக்க நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. அந்த டிவிஷனில் படித்து வந்தவள் நான். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாடத்தைப் படித்தால் ஒருவருக்காவது அந்த வருஷம் வீண். தமிழ் கடைசி பீரியடில் வரக் கூடாது என்பதை 100 என்று போட்டேன். பதிலுக்கு என் கணக்கு வகுப்புகளுக்குக் கொடுத்திருந்த காலை நேரத்தைத் தளர்த்தினேன். ஓவியமும் நூலகமும் சில நாள் கடைசிக்குப் போயின. அதற்குப் பிறகு எல்லாம் உட்கார்ந்துவிட்டது. தமிழ் சார் நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு என் வகுப்பு வாசல் வரை வந்து நன்றி சொன்னார். சந்தோஷமாக இருந்தது அப்பா.

ரமலானுக்குப் பள்ளி நேரம் குறையும். அதற்குத் தனியாக ஒன்று போட வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு டீச்சர் திடீரென்று லீவு போட்டால் யாரை அந்த வகுப்புக்கு அனுப்புவது என்பதை ஃபெட் பார்த்துக்கொள்ளாது. தினமும் காலையில் நான்தான் எழுதுகிறேன். ஃப்ரீ பீரியட் போய்விட்டதே என்று இப்போதே சிலருக்கு வருத்தம். நீங்கள் அத்தனை வருஷம் யாருக்கும் மனக்குறை வராமல் எப்படி மாற்றி மாற்றிக் கொடுத்தீர்கள்? நிதானமாக, விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்