செக் ஜாவாவின் கறுப்புச் சேறு

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். கயல் மேற்படிப்புக்குக் கடலடிச் சேற்றில் வாழும் பாக்டீரியாவை எடுத்திருக்கிறாள். சாப்பிடும்போதும் அதே பேச்சு, எனக்கும் தொற்றிக்கொண்டது.

போன வாரம் அவளோடு இங்கே சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போனேன். அங்குள்ள செக் ஜாவா கடலோரச் சதுப்பில் நீர் வற்றியிருந்தது. சேறு மேலே பழுப்பு. நண்டு வளையிலிருந்து வெளியே தள்ளியது மட்டும் கன்னங்கரேல். ஆக்சிஜன் இல்லாத அந்த ஆழத்தில் பாக்டீரியா கடல்நீரிலுள்ள சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகிய முட்டை வாடை. அது இரும்போடு சேரும்போது சேறு கறுக்கிறது.

வெப்பநிலை மாறினால் இவை என்ன செய்யும் என்று கேட்டேன். மார்கழியில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறையுமே, பாக்டீரியாவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வுக்கும் அதே ஆபத்து. அதனால் குளிரில், எளிதில் உறையாத நிறைவுறாத கொழுப்பு அமிலங்களைக் கூட்டிச் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கிறது. வெப்பத்தில் நிறைவுற்றவற்றைக் கூட்டி இறுக்கிக்கொள்கிறது. அதற்கும் மேல் போனால் ஓர் இனம் ஒடுங்கும், இன்னொன்று தலையெடுக்கும்.

என்னை அசத்தியது வேறு. ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் கடலடிச் சேற்றை ஆய்வுக்கூடத்தில் 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள். உறைநிலையை ஒட்டிய குளிரில் வித்துகளாக உறங்கிக் கிடந்த வெப்பவிரும்பி பாக்டீரியா விழித்து வேலையைத் தொடங்கிவிட்டது! 2009இல் வெளிவந்த ஆய்வு. எங்கோ சூடான அடிநிலத்திலிருந்து வந்து சேர்ந்தவையாக இருக்கலாமாம்.

சிங்கப்பூர்க் கடலோ ஆண்டு முழுக்க ஏறக்குறைய 27 முதல் 31 டிகிரிக்குள்தான். கடல் சூடேறினாலும் பாக்டீரியா எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை சேற்றைப் பற்றியது. அலையாத்தி மரங்களின் இலையும் வேரும் ஆக்சிஜன் இல்லாததால்தான் அங்கே மெதுவாக மக்குகின்றன, கார்பன் தங்குகிறது. சூடு கூடினால் மக்குவதும் வேகமெடுக்கும், கார்பன் காற்றுக்குத் திரும்பும். காடு நிற்கிறதே என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு உனக்குப் பக்கம்தானே. அடுத்த முறை போகும்போது ஒரு தெர்மாமீட்டர் கொண்டு போ. உச்சிவெயிலில் சேற்றின் மேலேயும் ஒரு சாண் ஆழத்திலும் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுது. கயல் இப்போதே கேட்கிறாள். அப்புறம், தையில் குடும்பத்தோடு வருகிறோம்; அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
கதிரேசன்