கட்டாமல் நின்ற பள்ளிக்கூடம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கோயில் வரை நடந்து போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம்.

நான் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மாப்பிள்ளை அமெரிக்கத் தரைப்படையில் இருப்பது உனக்குத் தெரியும். முகாமுக்குள்ளேயே வீடு. பேரன் படுக்கும் அறையில் ஜன்னலுக்குக் கீழே கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. புகார் கொடுத்தால் ஆள் வந்து மேலே பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறான். இரண்டே வாரத்தில் மறுபடி தெரிகிறது. வீடு ராணுவத்துடையது என்று நினைத்திருந்தேன், இல்லையாம். பழுது பார்க்க பட்ஜெட்டில் பணம் போதவில்லை என்று 1996-ல் சட்டம் போட்டுக் குடும்ப வீடுகளைத் தனியாரிடம் விட ஆரம்பித்தார்களாம். இப்போது ஏறக்குறைய எல்லாமே கம்பெனிகள் கையில். மாப்பிள்ளையின் வீட்டுப்படி நேராக அங்கே போய்விடுகிறது.

அதைத் துருவிப் படிக்கப் போய்த்தான் 2019-ல் நடந்தது தெரிந்தது. நீ முப்பது வருஷம் கருவூலத்தில் இருந்தவன், உனக்குத்தான் இது புரியும். மெக்சிகோ எல்லைச் சுவருக்கு அதிபர் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். அந்தச் சண்டையில் 35 நாள் அரசாங்கமே பாதி முடங்கியது. கடைசியில் நாடாளுமன்றம் கொடுத்தது 137.5 கோடிதான். பிப்ரவரி 15 அன்று அவர் நெருக்கடி நிலை அறிவித்து, ராணுவக் கட்டுமானத்துக்கு ஒதுக்கியிருந்ததில் 360 கோடியைச் சுவருக்குத் திருப்ப வழி செய்துகொண்டார். வேண்டாம் என்று நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் 59-க்கு 41 என்று தீர்மானம் போட்டது. அவர் கட்சிக்காரர்கள் 12 பேரே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அதை அவர் ரத்து செய்துவிட்டார். அந்த ரத்தை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு சேரவில்லை.

எந்தக் கட்டுமான வேலைகளின் பணம் சுவருக்குப் போகும் என்று செப்டம்பரில் பட்டியல் வந்தது, 127 வேலைகள். எதை எடுத்தார்கள் தெரியுமா? ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகாததை. நம் ஊரில் மார்ச் மாசம் செலவாகாத பணத்தைச் சரண்டர் செய்யச் சொல்வார்களே, அந்த மாதிரி. கெண்டக்கியில் ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமின் நடுநிலைப் பள்ளிக்கு வைத்திருந்த 6.26 கோடி டாலர் அதில் போனது. அந்தப் பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்தில் இடம் போதாமல் நூலகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அதிபரின் விமானம் நிற்கும் ஆண்ட்ரூஸ் தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம், அங்கேயும் பூஞ்சைத் தொல்லைதான், அதுவும் நின்றது. புயலில் நொந்து கிடந்த அமெரிக்கத் தீவு போர்ட்டோ ரிக்கோவில் மட்டும் 40 கோடிக்கு மேல்.

படைக் குடும்பங்களின் வீடுகளுக்கான பணத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். நெருக்கடி அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்புதான் படைவீரர்களின் மனைவிகள் செனட் குழு முன் உட்கார்ந்து பூஞ்சையையும் ஒழுகலையும் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் குடியிருப்பவர்களுக்கான உரிமைகளும் சட்டமாகின. தகராறு தீரும்வரை வாடகையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம் என்பது அதில் ஒன்று. புருஷன்மார் சீருடையில் இருந்துகொண்டு வாய் திறக்க முடியாது. பேசியது அந்தப் பெண்கள்தான். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

2021-ல் பைடன் வந்த முதல் நாளே சுவர் வேலையை நிறுத்தச் சொன்னார். 66 வேலைகளுக்கு 200 கோடிக்கு மேல் திரும்பியது. ஆனால் நடுவில் போன இரண்டு வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் திரும்பி வருமா? ஒரு சபை ஓட்டுப் போட்டுக் கொடுத்த காசை ஒரு கையெழுத்தில் வேறு செலவுத் தலைப்புக்கு மாற்றினால், உன் மேஜைக்கு வந்த பில்லை நீ பாஸ் பண்ணியிருப்பாயா? எழுது.

நாளைக்கு மறுபடி ஆள் வருகிறான். இந்தத் தடவை பெயின்ட் வேண்டாம், சுவரைத் திறந்து உள்ளே ஈரம் எங்கிருந்து வருகிறது பார் என்று மகளைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நானும் பக்கத்தில் நிற்பேன்.

உன்,
கணேசன்